சேர்ந்து சொன்னால் வரும்

அந்தப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்று யாரும் கிடையாது. பாடம் நடத்துகிறவர்கள் எல்லாம் சித்திகள். வேன் ஓட்டுகிறவர் மாமா. கீபோர்டு வாசிக்கிறவர் அண்ணன். தலைமையாசிரியைக்குப் பெரியம்மா என்று பெயர். "கர்த்தருக்குள்ள நாம எல்லாரும் ஒரே குடும்பம்" என்று சேர்க்கையன்றே சொல்லி, வாசலில் வைத்தே கட்டிப்பிடித்துவிடுவார்கள். மகளைச் சேர்க்க வந்த பார்லர்காரிக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது. அவள் வீட்டுக்கு ஒரே பெண். கூடப்பிறந்த அக்காவே இல்லாதவளின் மகளுக்குப் பெரியம்மா எங்கிருந்து முளைப்பாள்? இருந்தாலும் வாயை மூடிக்கொண்டாள். தலைமையாசிரியை அவளைத் "தங்கச்சி" என்றாள், இவளும் பல்லைக் கடித்துக்கொண்டு "அக்கா" என்றாள்.

பல்லைக் கடித்துக்கொள்ளக் காரணம் இருந்தது. மகள் திக்குவாள். சாதாரணத் திக்கல் இல்லை. ஒரு சொல்லின் வாசலில் போய் நின்றால் கதவு திறக்கும்வரை தட்டிக்கொண்டே இருப்பாள். முந்தைய பள்ளிக்கூடத்தில் அறுபது எழுபது பிள்ளைகள் ஒரே அறையில் அடைந்து கிடந்தார்கள். அவள் எழுந்து நின்றாலே பின்வரிசையில் இரண்டு பேர் அவளைப்போலவே பேசிக்காட்டுவார்கள். வகுப்பு குலுங்கும், டீச்சரும் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குவாள். அங்கிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துதான் இங்கே சேர்த்தார்கள். இங்கே வகுப்பில் விரல் விட்டு எண்ணிவிடலாம், அவ்வளவுதான் பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளைக்கும் என்ன பிடிக்கும், எதற்குப் பயப்படும், வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்பது வரைக்கும் சித்திகளுக்குத் தெரிந்திருந்தது. யாரும் யாரையும் பார்த்துச் சிரிப்பதில்லை. இதையெல்லாம் இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். பார்லர்காரி எவ்வளவு கோபக்காரியோ அவ்வளவு நியாயக்காரி.

அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். மாடி மாடியாக ஏறி இறங்கி, நடுவில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுக்கிற வேலை. வீட்டுக்கு வந்தால் சண்டை சச்சரவு இல்லாமல் சோறு இறங்க வேண்டும் அவருக்கு. மகள் அழாமல் பள்ளிக்கூடம் போகிறாள் என்பதே அவருக்குப் பெரிய நிம்மதி. போதாததற்கு அப்போதெல்லாம் அவள் வீட்டில் வாய் ஓயாதவளாகவும் இருந்தாள். திக்கித் திக்கியே ஒரு கதையைச் சாப்பாடு ஆறும்வரை சொல்லுவாள். வேனில் யார் வாந்தி எடுத்தார்கள், எந்தச் சித்தி செருப்பு அறுந்து வெறுங்காலோடு நடந்தாள், எல்லாம் வரும். அப்பாவும் அம்மாவும் முழுதும் கேட்டுவிட்டுத்தான் கை கழுவுவார்கள்.

வினை வந்தது காலை ஜெபத்தில். அந்தப் பள்ளிக்கூடத்தில் எதையும் சேர்ந்து சொல்லுகிற வழக்கம். வசனமும் சேர்ந்து, வாய்ப்பாடும் சேர்ந்து, "நன்றி சித்தி"யும் சேர்ந்துதான். ஒரு நாள் பெரியம்மா வரிசை வரிசையாக நடந்து வந்தவள், மகள் பக்கத்தில் வந்ததும் நின்றாள். குனிந்து காதைக் கொடுத்தாள். பிள்ளை வசனத்தைத் தண்ணீர் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தாள். ஓர் எழுத்துகூடத் தட்டவில்லை. பெரியம்மாவுக்குக் கண்ணீர் கொட்டிவிட்டது. ஜெபத்தை நிறுத்தி, பிள்ளையை முன்னால் இழுத்துக்கொண்டு போய் நிறுத்தி, "சுகமாயிட்டா! நம்ம பிள்ள சுகமாயிட்டா!" என்று கத்தினாள். சித்திகள் அழுதார்கள். பிள்ளைகள் கை தட்டினார்கள். மகள் என்ன நடக்கிறது என்று புரியாமல் தன் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இதில் அற்புதமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. திக்குகிற பிள்ளைகளில் பலருக்கு இப்படித்தான். தனியாகச் சொன்னால் மாட்டிக்கொள்ளும், நாலு பேரோடு சேர்ந்து சொன்னால் வந்துவிடும். மகள் மூன்று வயதில் அம்மாவோடு சேர்ந்து பாடும்போதும் திக்கினதில்லை. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண்ணும் அதைத்தான் சொன்னாள். "சேந்து சொன்னா வரும். அது சுகம் இல்ல. தனியா பேசறப்ப அவசரப்படுத்தாம விடுங்க, அவளே முடிக்கட்டும்." பார்லர்காரி இதை முதல் நாளே பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தாள். பெரியம்மாவும் தலையை ஆட்டிக் கேட்டிருந்தாள். கேட்டது எந்தக் காது வழியாகப் போனதோ.

சுகம் என்று ஒரு தடவை அறிவித்த பிறகு பிள்ளைக்குத் திக்க அனுமதி இல்லாமல் போய்விட்டது. அடித்தார்களா, வைதார்களா என்றால் அதெல்லாம் கிடையாது. அப்படிச் செய்திருந்தால் பார்லர்காரி நேரே போய் நாலு கேள்வி கேட்டிருப்பாள். அவர்கள் புன்னகைத்தார்கள். எழுந்து நின்று "இ... இ..." என்று ஆரம்பித்தால், சித்தி கனிந்த முகத்தோடு, "சுகமானவ திக்கலாமா செல்லம்? விசுவாசத்தோட சொல்லு" என்பாள். மறுபடியும் மாட்டினால், "சரி, உக்காரு. உனக்காக ஜெபிச்சுக்கறேன்" என்பாள். பிள்ளைக்குப் புத்தி கூர்மை. திக்கினால் பாவம், பேசாவிட்டால் பாவமில்லை என்று சீக்கிரமே கணக்குப் போட்டுவிட்டாள். பேச்சை நிறுத்திக்கொண்டாள். முதலில் பள்ளிக்கூடத்தில், பிறகு வீட்டில். சாப்பாட்டு நேரத்தில் கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள். "எவ்வளவு அமைதியான பிள்ள!" என்று சித்தி புகழ்ந்து சொல்லி அனுப்பினாள். அதைக் கேட்டதும் பார்லர்காரிக்கு அழுகை வந்தது.

"அவங்க நல்லதுதானே நெனைக்கிறாங்க" என்றார் லிஃப்ட் மெக்கானிக். "யாரும் கேலி பண்ணலல்ல?"

"கேலி பண்ணினப்ப வீட்டுக்கு வந்து அழுவா. இப்ப அழறதுக்கும் வாயத் தொறக்க மாட்டேங்கறா. எது நல்லது, நீங்களே சொல்லுங்க."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வேறு பள்ளிக்கூடம் என்றால் மறுபடியும் அந்த அறுபது எழுபது பேர் அறைதான். அது அவளுக்கும் தெரியும்.

அந்த வாரமே பெரியம்மா பார்லருக்கு வந்து சேர்ந்தாள். பள்ளிக்கூடத்தில் திறந்த நாள் வருகிறது, புதிதாகப் பிள்ளைகளைச் சேர்க்க நினைக்கிற குடும்பங்கள் எல்லாம் வந்து பார்க்கப் போகிறார்கள், முடியைக் கொஞ்சம் ஒழுங்கு பண்ண வேண்டும் என்றாள். பார்லர்காரி நாற்காலியைத் துடைத்து உட்கார வைத்து, கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டி, தண்ணீரைப் பீய்ச்சினாள். ஊரையே தலைகுனிந்து ஜெபிக்க வைக்கிறவளை "குனிங்க" என்று சொல்லிக் குனிய வைக்க அவள் ஒருத்தியால்தான் முடியும். அந்த அற்ப சந்தோஷத்தை அவள் விடுவதாக இல்லை. தேவைக்கு மேலேயே இரண்டு தடவை குனியச் சொன்னாள்.

"தங்கச்சி, ஒரு சந்தோஷமான விஷயம்" என்று பெரியம்மா குனிந்தபடியே ஆரம்பித்தாள். "அன்னைக்கு நீ மேடையில நின்னு சாட்சி சொல்லணும். பாப்பாவுக்கு நடந்த அற்புதத்த அம்மா வாயால கேட்டா எத்தன குடும்பம் தைரியமா வரும் தெரியுமா?"

கத்தரிக்கோல் நின்றது. கண்ணாடியில் இரண்டு முகங்களும் ஒன்றின் மேல் ஒன்றாகத் தெரிந்தன.

"அக்கா, பாப்பா இன்னும் திக்கறா."

"அது பழைய பழக்கம். வேர் போயிடுச்சு, எல தானா உதிரும்."

"வேரும் போகல, எலயும் உதிரல. பிள்ள வாயையே மூடிக்கிட்டா. வீட்டுல ஒரு வார்த்த இல்ல. நான் முதல் நாளே சொன்னேனே, சேந்து சொன்னா எப்பவுமே வரும்னு. தயவுசெஞ்சு ஒண்ணு பண்ணுங்க. அவ சுகமாகலன்னு ஜெபத்துல சொல்லிடுங்க. சுகத்த வாபஸ் வாங்கிக்குங்க."

பெரியம்மா சிரித்தாள். பச்சைப்பிள்ளை நிலாவைக் கேட்டால் சிரிப்பார்களே, அப்படி. "கடவுள் குடுத்தத யாராச்சும் வாபஸ் வாங்குவாங்களா தங்கச்சி? நீ வாயால மறுத்தா அது பிள்ளைய விட்டுப் போயிடும். அம்மாவோட அவிசுவாசம்தான் பிள்ளைக்குத் தடையா இருக்கோன்னு எனக்கே ஒரு பாரம்."

அதாவது பிள்ளை திக்குவதற்குக் காரணம் அம்மாவாம். ஒரு வெட்டு, ஒரே ஒரு வெட்டு, பின்னந்தலையில் வழுக்கை மாதிரி வைத்து அனுப்பிவிடலாம். தொழில் அவள் கையைப் பிடித்து நிறுத்தியது.

"நான் சாட்சி சொல்லலன்னா?"

"யாரு கட்டாயப்படுத்தப் போறா?" பெரியம்மா குரலில் தேன் வழிந்தது. "ஆனா ஒண்ணு, நம்ம குடும்பம் விசுவாசத்துல நிக்கிற குடும்பம். அது ஒத்து வரலன்னா, பிள்ளைக்கு வேற இடம் பாத்துக்கறதுதான் உங்களுக்கும் நல்லது. எங்களுக்கும் மனசு கஷ்டம் இருக்காது."

ஹேர் டிரையரைப் போட்டாள் பார்லர்காரி. அந்த இரைச்சலில் கொஞ்ச நேரம் யோசிக்க முடிந்தது. மைக்கை இவர்களே கையில் கொடுக்கிறார்கள். ஊரே உட்கார்ந்திருக்கும். சாட்சி என்றால் நடந்ததைச் சொல்லுவதுதானே? நடந்ததையே சொல்லிவிடுவோம். பள்ளிக்கூடம் போனால் போகட்டும். பிள்ளை சுகமாகவில்லை, அவளைத் திக்க விடுங்கள் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டால் யாரும் அதை அமுக்க முடியாது. மகளும் அதைக் கேட்கட்டும். தன்னிடம் குற்றம் இல்லை என்று அவளுக்கு ஒருத்தியாவது உரக்கச் சொல்ல வேண்டும்.

டிரையரை நிறுத்தினாள். "பேசறேன்க்கா. ஆனா நான் மட்டுந்தான். பாப்பாவ மேடையில ஏத்தக் கூடாது."

"உன் இஷ்டம் தங்கச்சி" என்றாள் பெரியம்மா, கண்ணாடியில் பக்கவாட்டில் தன்னைப் பார்த்துக்கொண்டே. முடி நன்றாகத்தான் வந்திருந்தது.

திறந்த நாளன்று கூடம் நிரம்பி வழிந்தது. சுவரெல்லாம் பிள்ளைகள் கை பதித்த வண்ணத் தாள்கள். ஓரத்தில் பிஸ்கட், ஜூஸ். வாசலில் சித்திகள் நின்று வந்தவர்களையெல்லாம் அண்ணா, அண்ணி என்று முறை வைத்துக் கூப்பிட்டு, ஒருவரையும் அந்நியராக நிற்க விடாமல் கவனித்துக்கொண்டார்கள். வந்தவர்கள் முகத்தில் அப்படி ஒரு களைப்பு. வேறு எங்கோ அடிபட்டு, எங்காவது ஒரு நல்ல இடம் கிடைக்காதா என்று தேடி வந்த களைப்பு. பார்லர்காரிக்கு அதைப் பார்க்கும்போது தன்னையே பார்ப்பதுபோல இருந்தது. வீட்டுக்காரர் மூன்றாவது வரிசையில் இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தார். அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று அவருக்குத் தெரியாது. சொல்லியிருந்தால் அவருக்குச் சோறு இறங்கியிருக்காது.

அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். மேடையேறினாள். மைக்கைப் பிடிக்கக் கையை நீட்டினாள். பெரியம்மா மைக்கைக் கொடுக்கவில்லை.

"அம்மா பேசறதுக்கு முன்னால, அற்புதத்தையே உங்க கண்ணால பாத்துடுங்க" என்றாள். ஒரு சித்தி மகளின் தோளில் கைபோட்டு அவளை மேடைக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, நீங்க சொன்னீங்கல்ல..." என்று பார்லர்காரி பல்லுக்கிடையில் சொன்னாள். அது பெரியம்மா காதில் விழவில்லை. விழாத மாதிரி இருக்க அவளுக்கு நன்றாக வரும்.

மைக் பிள்ளையின் வாய்க்கு வந்தது. சித்தி சொல்லிக்கொடுத்திருந்த வாக்கியம் ஒன்றே ஒன்றுதான். இந்தப் பள்ளிக்கூடம் எனக்குப் பேச்சு கொடுத்துச்சு.

"இ..." என்றாள் மகள். "இ... இ..."

கூடம் அடங்கியது. மைக்கில் மூச்சு இரைந்தது. "இ... இ... இ..." கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. முன்வரிசையில் ஒரு பெண் பரிதாபமாக உச்சுக்கொட்டினாள், பின்னால் யாரோ ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்தது. அந்தச் சிரிப்பு பார்லர்காரிக்குத் தெரிந்த சிரிப்பு. முந்தைய பள்ளிக்கூடத்துப் பின்வரிசைச் சிரிப்பு. மகள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். குழியில் விழுந்த பிள்ளை மேலே பார்க்கிற பார்வை.

எந்த அம்மா பார்த்துக்கொண்டு நிற்பாள்? பார்லர்காரி ஓடிப்போய்ப் பக்கத்தில் குனிந்தாள். கன்னத்தோடு கன்னம் வைத்து, மெதுவாக, "இந்த" என்று ஆரம்பித்தாள். மகளும் அவளோடு சேர்ந்துகொண்டாள். "இந்தப் பள்ளிக்கூடம் எனக்குப் பேச்சு கொடுத்துச்சு." கடகடவென்று வந்துவிட்டது. ஓர் எழுத்து தட்டவில்லை.

கூடம் இடிந்து விழுகிற மாதிரி கைதட்டல். கீபோர்டு அண்ணன் வாசிக்கத் தொடங்கிவிட்டார். பெரியம்மா இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு, "இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்!" என்று அழுதாள். லிஃப்ட் மெக்கானிக் எழுந்து நின்று தட்டிக்கொண்டிருந்தார். மைக் எங்கேயோ போய்விட்டது. பார்லர்காரி நின்ற இடத்திலேயே மரத்துப்போனாள். உண்மையைச் சொல்ல வந்தவள், சொல்லக் கூடாததைத் தன் வாயாலேயே சொல்லி, அதைப் பிள்ளையையும் சொல்ல வைத்திருக்கிறாள். தன் மேலேயே அவளுக்கு அப்படி ஒரு அருவருப்பு வந்தது. பெரியம்மா மேல்கூட அவ்வளவு வரவில்லை.

கீழே இறங்கியதும் ஒரு பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண்ணின் முந்தானையைப் பிடித்தபடி ஒரு சின்னவள், ஆறு வயது இருக்கும்.

"உங்களப் பாத்ததும்தான் எனக்கு உசுரே வந்துச்சு" என்றாள் அந்தப் பெண். "இவளும் திக்குவா. எங்கெங்கயோ காட்டியாச்சு. இனி யோசிக்க ஒண்ணும் இல்ல, நாளைக்கே கொண்டாந்து சேத்துடறோம்."

"நாளைக்கு எதுக்கு? இன்னைக்கே குடும்பத்துக்குள்ள வந்தாச்சு" என்று பெரியம்மா அதற்குள் வந்து நின்றுவிட்டாள். ஒரு கை பார்லர்காரியின் தோளில், இன்னொரு கை மகளின் தலையில். சித்திகள், புதிதாக வந்தவர்கள் என்று சுற்றிலும் ஒரு வட்டம் சேர்ந்தது.

நாலு வாடிக்கையாளர்களோடு ஒரே நேரத்தில் பேசிக்கொண்டே முடி வெட்டுகிறவளுக்கு இப்போது வாய் வரவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது? நீங்கள் கேட்டது பொய், அதைச் சொன்னது நான்தான் என்றா?

சின்னவள்தான் கேட்டாள். மகளைப் பார்த்து, முந்தானைக்குள்ளிருந்து பாதி முகத்தை எடுத்து, "உ... உனக்கு நி... நி... நிஜமாவே ச... சரியாயிடுச்சா?" என்று கேட்டு முடித்தாள். அவள் அம்மா இடையில் இரண்டு தடவை எடுத்துக்கொடுக்கப் பார்த்தாள். அவள் விடவில்லை.

"சொல்லு செல்லம்" என்றாள் பெரியம்மா. "தங்கச்சிப் பாப்பாகிட்டச் சொல்லு."

மகள் சின்னவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வாயைத் திறந்தாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் எத்தனையோ நாளாகத் தானாகத் திறக்காத வாய்.

"இ... இங்க..." என்றாள். "இங்க வ... வ... வ..."

"வா!" என்று பெரியம்மா கூவினாள். "'இங்க வா'ன்னு கூப்பிடறா பாருங்க! நம்ம பிள்ள நம்ம குடும்பத்துக்குக் கூப்பிடறா!"

வட்டம் சிரித்தது. அந்தப் பெண்ணின் கண் கலங்கியது. மகள் தலையை ஆட்டினாள். இல்லை என்று ஆட்டினாள். உதடு இன்னும் அந்த எழுத்திலேயே நின்றது. "வ... வ..." அம்மாவின் உதடும் தானாக அசைந்தது. சேர்ந்து சொன்னால் வந்துவிடும். ஒரு நொடியில் வந்துவிடும். பார்லர்காரி தன் உதட்டைக் கடித்து நிறுத்திக்கொண்டாள். தன் தோளிலிருந்த பெரியம்மாவின் கையை எடுத்து அப்பால் வைத்தாள்.

"அவ இன்னும் முடிக்கல" என்றாள். "எல்லாரும் சும்மா இருங்க."

"தங்கச்சி..."

"நான் உங்க தங்கச்சி இல்ல. அவ சொல்லி முடிக்கட்டும்."

மகள் அவசரப்படவில்லை. கையை இறுக்கி மூடிக்கொண்டு, சின்னவளின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், அந்த எழுத்தைத் தட்டித் தட்டித் திறந்தாள். ஜூஸ் ஊற்றுகிறவர்கள்கூட நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"இங்க வ... வ... வராத."